பெட்டகத்தில் பதினொன்று

இந்தக் கட்டடம் முன்பு வங்கியாக இருந்தது.
பணம் வெளியேறிய பிறகு நான் வந்தேன்
ஆயிரத்து நூறு துணிச்சுருள்களோடு.
இரும்புப் பெட்டகத்தின் கதவைக் கழற்ற
ஆள் கேட்ட கூலிக்கு
இன்னொரு தையல் இயந்திரம் வாங்கலாம்.
கதவு அப்படியே நிற்கிறது.
உள்ளே என் முடியாத வேலைகள்,
பதினொரு பெட்டியில் பதினொரு ஒட்டுப்போர்வை.

நாள் முழுக்கத் தைப்பாய், கொடுத்துவைத்தவள் மார்லிஸ்
என்கிறார்கள்.
நாள் முழுக்க
வெட்டுகிறேன்.

மினசோட்டாவின் இந்த மூலையில்
ஜனவரியில் விற்பது நூலும் ஊசியும்தான்.
பனி வாரும் வண்டி தெருவைச் சுத்தமாக்கி
மொத்தத்தையும் என் வாசலில் குவித்துவிட்டுப் போகிறது.
வாரிவிட்டுத் திறந்தால்
முதல் ஆள் லைல் ப்ரெக்கே,
சர்க்கரைக்கிழங்கு லாரி ஓட்டுகிறவர்.
ஆலை வாசலில் வரிசை நகரும்வரை
ஸ்டியரிங்மேல் கையை ஊன்றி அறுகோணம் தைக்கிறார்.
இதுவரை தொள்ளாயிரத்துச் சொச்சம்.
என்ன போர்வை என்று கேட்டேன் ஒருநாள்.
வரிசை எவ்வளவு நீளமோ அவ்வளவு என்றார்.

அடுத்து வந்தவள் துணியை விரலால் தடவினாள்,
விலைச்சீட்டைக் கைப்பேசியில் படமெடுத்தாள்,
நன்றி சொல்லிப் போனாள்.
கதவைச் சரியாகச் சாத்தவில்லை.
எண்ணெய்ச் சூடு தெருவுக்குப் போயிற்று.

வியாழன் இரவு வகுப்பு.
கால் அங்குலம், கால் அங்குலம் என்று
தொண்டை வறளச் சொல்கிறேன்.
தையல் ஒரு நூலளவு விலகினால்
இருபதாவது கட்டத்தில் விரற்கடை காணாமல் போகும்.
சொல்லிவிட்டு என் பெட்டிகளை நினைத்துக்கொள்கிறேன்.

மூன்றாம் பெட்டியில் வாத்துகள்.
முக்கோணம் முக்கோணமாய், எல்லாம் கிழக்கே பறக்கின்றன,
ஒரு வரிசை மட்டும் மேற்கே.
பிரிக்க வேண்டும்.
மூன்று குளிர்காலமாகப் பிரிக்க வேண்டும்.
ஐந்தாவது, டீட்ராவின் மகள் கல்யாணத்துக்கு.
கல்யாணம் ஆயிற்று, விவாகரத்தும் ஆயிற்று,
ஓரம் இன்னும் மடித்துத் தைக்கவில்லை.
ஏழாவது எனக்கு.
நீலம், வெறும் நீலம்,
ஏரி உறைவதற்கு முந்தின நாளின் நிறம்.
அந்தச் சாயத்தை ஆலை நிறுத்தி ஆறு வருடம்.

அதே நீலத்தோடுதான்
ரோஸ்லின் க்விஸ்ட் வந்தாள் செவ்வாய்க்கிழமை.
மேசைமேல் போர்வையை விரித்தாள்.
ஒரு பட்டை குறைகிறது.
நாலரை அங்குலம், முழு நீளத்துக்கு.
ஃபார்கோவில் தேடினேன், டுலூத்தில் தேடினேன் என்றாள்.
இல்லை என்றேன்.
கடையில் இல்லை என்பது உண்மைதானே.
அவள் மடிக்கத் தொடங்கினாள்,
மெதுவாக, மூலைக்கு மூலை சேர்த்து,
யாரும் பார்க்காதபோது மடிப்பதுபோல.

பெட்டகத்துக்குள் போனேன்.
ஏழாவதை மடியில் போட்டு
நடுப் பட்டையின் தையலைப் பிரித்தேன்.
இருபது நிமிடம்.
வெளியே அவள் பொத்தான் டப்பாக்களைக் கிளறும் சத்தம்.

எவ்வளவு என்றாள்.
வரியோடு மூன்று டாலர் நாற்பது என்றேன்.
சும்மா தந்திருக்கலாம்தான்.
தந்திருந்தால் எங்கிருந்து என்று கேட்டிருப்பாள்.
ரசீதை நாலாய் மடித்துக் கையுறைக்குள் செருகிக்கொண்டாள்.

அன்றிரவு கடையைப் பூட்டாமல்
நீலத்தின் நடுவில் விழுந்த இடைவெளியை அளந்தேன்.
பிறகு மூன்றாம் பெட்டியைத் திறந்து
மேற்கே பறக்கும் வரிசையை அளந்தேன்.
நாலரை. நாலரை.
பிரிக்க மூன்று குளிர்காலம் எடுத்ததை
ஒரு மணி நேரத்தில் பிரித்து
நீலத்தில் வைத்துத் தைத்தேன்.
அங்கே கிழக்கேது, மேற்கேது.
பஞ்சு வைத்து, முதுகு வைத்து,
விடியற்காலை நாலுக்கு ஓரம் கட்டினேன்.
ஏழாவது முடிந்தது.

விடிந்தபின் பட்டியலில் ஏழை அடித்தேன். பத்து.
அப்போது தபால்காரர் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார்,
மாதிரித் துணி, தவிட்டு நிறம்,
பனிக்கடியில் கிடக்கும் கோதுமைத் தாள் மாதிரி.
எதற்கென்று தெரியாமல்
ஒரு முழம் வெட்டினேன்.
காலிப் பெட்டி ஒன்று இருந்ததே.