தலையும் தோளும்

விதி சொல்வது இவ்வளவுதான்:
வீட்டின் அடிவயிற்றுக்குள்
தலையும் தோளும் போனால் போதும்,
முழு உடம்பு வேண்டாம்.
முப்பத்தொரு வருடமாக இப்படித்தான்
கான்சாஸ் மண்ணுக்குள்
பாதி பாதியாகப் புதைந்து எழுகிறேன்.

இன்று இடுப்பு பிடித்துக்கொண்டது.

வாங்குபவர் வரவேண்டிய அவசியமில்லை.
டெல்ஃபின் ரஸ்க் வந்திருந்தாள்.
"நான் இறங்கிப் பார்த்துச் சொல்லட்டுமா?
பாதையில் புதைத்து வைத்ததைத் தேடுவதுதான்
ஆறு வருடம் என் வேலை."
இல்லை, என் கண்தான் பார்க்க வேண்டும் என்றேன்.
டார்ச்சைப் பிடித்துக்கொண்டாள்.
அந்த வெளிச்சம் நான் கேட்ட இடத்தில் நிற்கவே இல்லை.
மூலைக்குப் போனது, விளிம்புக்குப் போனது,
மண் கொஞ்சம் கிளறியிருந்த ஓரிடத்தில்
வெகுநேரம் நின்றது.
ஏதோ பூனையின் எலும்பு.
ஈரமில்லை. கரையான் தடமில்லை.
அவள் மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது.

வீடு 1951.
அந்தக் காலத்து வீட்டில் உரியும் பெயிண்டையெல்லாம்
ஈயம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.
வடக்கு ஜன்னல் முழுக்க உரிந்திருந்தது.
கிணற்றுக்கும் கழிவுத் தொட்டிக்கும் இடையே
டேப்பை இழுத்தேன்;
மறுமுனையைக் கெட்னர் பிடித்தார்,
விற்கிறவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு.
பின்வாசலில் மூன்று படி, கைப்பிடி இல்லை.
குறித்துக்கொண்டேன்.
"நாற்பது வருடம் நாங்கள் விழவில்லையே" என்றார்.

டெல்ஃபினின் இடது முழங்கால் மடங்காது.
சுவரைத் தடவித் தடவித்தான் ஏறினாள்.
அந்தப் பாதைகளுக்கு அவளை அனுப்பியவர்கள்தான்
கைப்பிடி இல்லாத மூன்று படியில்
அவள் ஏறக்கூடாது என்கிறார்கள்.
கிண்டலாகச் சொல்லவில்லை.
நல்ல விதிதான்.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
வீட்டின் மீதமிருக்கும் ஆயுள்.
கடன் முப்பது வருடம் என்றால்
வீடும் முப்பது வருடமாவது நிற்க வேண்டும்.
நாற்பது என்று எழுதினேன்.
தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.
"எனக்கும் ஒருத்தர் இப்படி நிரப்பினார்.
எழுபது சதவீதம் என்று கடிதம் வந்தது.
போனது எழுபதா, இருப்பது எழுபதா,
முதல் தடவை படித்தபோது புரியவில்லை."
சிரித்தாள்.
எனக்குப் பேனா எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

பேசிய விலை ஒரு லட்சத்து எண்பத்தொன்பதாயிரம்.
என் கணக்கு எழுபத்தெட்டைத் தாண்டவில்லை.
அதை அவளிடம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.
வங்கிக்குச் சொன்னேன்:
குறைகிறது, இரண்டு வேலை நாள் தருகிறேன்,
காட்ட ஏதாவது இருந்தால் காட்டுங்கள்.
மூன்று வீடுகள் வந்தன,
அவள் கையெழுத்தில், வரைபடத்தோடு.
ஒன்றுக்கு நீச்சல்குளம்; ஆகாது.
ஒன்று அண்ணன் தம்பிக்கு விற்றது; அதுவும் ஆகாது.
மூன்றாவது வீடு
மார்ச்சில் விற்றது, இதே சுண்ணாம்புக்கல் அஸ்திவாரம்.
நான்தான் தவறவிட்டிருந்தேன்.
அந்த இரவு கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து
மறுபடி கணக்குப் போட்டேன்.
எண்பத்துநான்கு.
அதற்கு மேல் ஒரு டாலர்கூட
என்னால் மனசாட்சியோடு ஏற்ற முடியவில்லை.
மிச்ச ஐந்தாயிரத்தை
கெட்னரும் அவளும் எப்படிப் பங்கிட்டார்கள்
என்று நான் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து மறுபார்வை.
ஜன்னல்கள் வெள்ளை வெளேரென்றிருந்தன.
இன்னும் தன்னுடையதாகாத வீட்டுக்கு
அவளே சுரண்டிப் பூசியதாகக் கெட்னர் சொன்னார்,
பாதி பெருமையாக, பாதி வெட்கமாக.
பின்வாசலில் இரும்புக் குழாய்க் கைப்பிடி.
பிடித்து ஆட்டினேன். அசையவில்லை.
புகைப்படம் எடுத்தேன்.
ஓரத்தில் அவள் கை விழுந்திருந்தது,
குழாயை இறுகப் பிடித்த கை,
நகக்கண்ணில் பெயிண்ட்.

எங்கள் படங்களில் ஆட்கள் இருக்கக்கூடாது.
கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லி
மறுபடி எடுத்தேன்.
முதல் படத்தை
இன்னும் அழிக்கவில்லை.