20.9

மிர்ஃபாவுக்கு மேற்கே உப்புவெளியில்
துளைபோடும் எந்திரம்
விடியலுக்கு முன்பே இருமத் தொடங்கும்.
குல் ஜமான் குழாயை இறக்குகிறான்.
மேலே வருவதை வாங்கி
மரப்பெட்டியில் வரிசையாகக் கிடத்துவதும்
கறுப்பு மார்க்கரால் ஆழம் எழுதுவதும் என் வேலை.
பூமி என்னிடம்
மீட்டர் மீட்டராகத்தான் பேசும்.

முதலில் உப்பும் ஜிப்சமும்.
அதற்கடுத்து
ஈரத்தோல் போல ஒரு கறுப்புப் படலம்,
அழுகிய முட்டை நாற்றம்.
அதற்கும் கீழே சாம்பல் சேறு,
கூம்பு கூம்பாய் நத்தை ஓடுகள்.
பிறகு மணல்.
ஒரு சிப்பிகூட இல்லாத,
காற்று கொண்டுவந்து போட்ட மணல்.

"அப்போது கடல் எங்கே இருந்தது?"
கேட்டேன் ஹாலாவிடம்.
கெய்ரோக்காரி. மண்ணைக் கடித்துப் பார்த்துப் பெயர் சொல்பவள்.
"ஹோர்முஸுக்கு அப்பால்" என்றாள்,
பல்லில் மணலோடு.

எண்ணெய்க் கப்பல்கள் முறைக்குக் காத்துநிற்கும்
அந்த நீருக்கடியில்
ஆறு ஓடியிருக்கிறது.
கரையில் யாரோ மீன் சுட்டிருக்கலாம்.
கடல் ஒரே இரவில் வந்துவிடவில்லை.
ஒருவன் தன் ஆயுளில்
நாலைந்து முறை கூடாரத்தைப் பின்னுக்குத் தள்ளிப் போட்டிருப்பான்.
வெள்ளம் என்று அதைச் சொல்லத் தோன்றியிராது.
நானும் ஏழு கேம்ப் மாறிவிட்டேன்.
அவனுக்கும் எனக்கும் நடுவே
இந்தப் பெட்டியில் ஒன்றரை முழம்.

என் சட்டைப்பையில் வாயுமானி தொங்குகிறது.
விஷவாயு: பூஜ்யம்.
ஆக்ஸிஜன்: 20.9.
மூன்று வருடமாய்
என் சம்பளம் போல அசையாத எண்.

மதிய ஓய்வில் ஓதம் வடிந்த கரைக்குப் போனேன்.
அங்கே அதே கறுப்புத் தோல்,
உயிரோடு.
வெடித்து விளிம்பு சுருண்டு
கிழித்தால் உள்ளே பச்சை.
தேங்கிய நீருக்கடியில் அதன் மேலெல்லாம்
மணிமணியாய்க் குமிழ்.

இதன் முன்னோர் விட்ட குமிழ்களால்தான்
கடலின் இரும்பு துருப்பிடித்துச்
சிவந்து அடியில் உட்கார்ந்தது.
இருநூற்று நாற்பது கோடி ஆண்டுக்கு முந்தைய சங்கதி.
இதற்கு அது கழிவு;
அன்றிருந்த மற்ற உயிர்களுக்கு நஞ்சு.
வானம் நிறம் மாறியது
யாரும் திட்டமிடாமல்,
யாரும் அண்ணாந்து பார்க்காமல்.
அதற்கு முன்னால் இந்த மானியை அங்கே வைத்திருந்தால்
பூஜ்யம் காட்டி
பேட்டரி தீரும்வரை அலறியிருக்கும்.

போன வருடத்து சர்வேயர்களின் பூட்ஸ் தடம்
படலத்தில் இன்னும் ஆறவில்லை.
ஒன்பதாம் நம்பர் அளவு.
குதிகால் பள்ளத்தில் மட்டும்
கொஞ்சம் பசுமை.
என் காலைப் பார்த்தேன். ஒன்பதுதான்.

திரும்பி வந்து படிவத்தை நிரப்பினேன்.
'விளக்கம்' என்ற கட்டத்தில் இடம் ஒரு வரிக்குத்தான்:
கறுப்பு. ஈரம். நாற்றம் உண்டு.

குல் ஜமான் அடுத்த குழாய்க்குக் கை காட்டுகிறான்.
இனிச் சிவப்புப் பாறை வரும் என்கிறாள் ஹாலா,
யானைகள் ஆற்றில் இறங்கிய காலத்தது.
பெட்டி போதாது.
இன்னொன்று எடுத்துவர நடக்கிறேன்,
கரையோரக் குறுக்குவழியை விட்டு
படலத்தைச் சுற்றிக்கொண்டு.