முடிச்சுக் கொக்கி

ரயில் என்னை இறக்கிவிட்ட ஊருக்கு வயது ஆறு.
தெரு ஒன்று. அதன் இரண்டு முனையிலும் கோதுமை.
கடைகளின் முகப்பு மட்டும் இரண்டு மாடி உயரம்;
பின்னால் போய்ப் பார்த்தால் ஒரு மாடிதான்,
டகோட்டாக் காற்றுக்குப் பயந்து
பலகைகளுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

என் பையில் கம்பெனியின் காகிதம்:
கதிர் அறுத்துக் கட்டும் எந்திரம் ஒன்று,
எண் நான்காயிரத்துப் பன்னிரண்டு,
வாங்கியவர் ராக்ன்ஹில்ட் மோயன், விதவை,
மூன்று தவணையில் ஒன்று பாக்கி.
பணம் இல்லையென்றால் பொருள்.

அவள் கொட்டகையில் பொருள் இல்லை.
தரையில் எண்ணெய்க் கறை, அதன் நடுவில் ஒரு கோழி.
"பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறேன்," என்றாள்,
பால் வாளியைக் கீழே வைக்காமல்.
"யாரிடம்?"
"ஊரிடம்."

கொல்லன் ஹ்ருஷ்கா துருத்தியை விடாமல்
பெருஞ்சக்கரத்தைக் காலால் காட்டினான்.
அதற்கு ஒரு நோயும் இல்லை. எனக்குத் தெரியும்.
அவனுக்கும் தெரியும்.
"கூலி பதினாலு டாலர்.
வைத்துவிட்டு உருட்டிக்கொண்டு போங்கள்."

கித்தான், தையல்காரி ஹெட்விக்கின் கொடியில்,
ஒரு கல்யாண உடுப்புக்கும் இறகுத் தொப்பிக்கும் நடுவே,
போன அறுவடையின் துரும்பு உதிராமல்.
சுழல் தட்டின் சட்டங்களை விட்கோம்
புதுச் சவப்பெட்டி ஒன்றில் அடுக்கியிருந்தான்.
"பட்டறையில் இடமில்லை," என்றான், மூடியைச் சாத்திக்கொண்டே.

அரிவாள் பட்டை ப்ராட்டின் மளிகையில்,
வெல்லப்பாகுப் பீப்பாய்க்குப் பின்னால்.
மளிகைக்காரன் இதில் எதைப் பழுது பார்க்கிறான்?
"பற்களை எண்ணுகிறேன்.
இருபத்துமூன்று வரை வந்தேன்,
நீங்கள் நுழைந்து கணக்கைக் கெடுத்தீர்கள்."

கூலி தீராமல் பட்டறைப் பொருளைத் தொடக்கூடாது:
சட்டத்தை நான் இவர்களுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை.
பலகை நடைபாதையில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன்.
அவளுடைய பாக்கியைவிட ஒரு டாலர் அதிகம்.
யாரோ விளக்கு வைத்துக்கொண்டு
கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

கடைசிக் கடை, கடிகாரம் பார்க்கும் ஈவருடையது.
மீசை அரும்பாத பையன்.
மேசையில், துணிமேல், முடிச்சுப் போடும் கொக்கி:
கிளி மூக்களவு இரும்பு. அது இல்லாமல்
எந்திரம் வெட்டும், கட்டாது.
இவனிடம் யாரும் திட்டத்தைச் சொல்லவில்லை போலும்.
உண்மையாகவே தேய்ந்திருந்ததை
உண்மையாகவே அரத்தால் தேய்த்துச் சரிசெய்திருந்தான்.
"முப்பது சென்ட்," என்றான், பெருமையாக.

கொடுத்தேன்.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
அவன் முகம் மெல்ல மாறியதைப் பார்த்தபடியே
ரசீதும் கேட்டு வாங்கினேன்.

அன்றிரவு விடுதியில் தூக்கம் பிடிக்கவில்லை.
தெருவில் விளக்குகள் நடந்தன.
ஏதோ கனமாக உருண்டது, குதிரை ஒன்று தும்மியது,
"மெதுவாக, மெதுவாக" என்று
மூன்று மொழிகளில் யாரோ யாரையோ அதட்டினார்கள்.
தலையணைக்கடியில் கொக்கி இருந்தது.
பூட்டுங்கள், பூட்டுங்கள் என்று சிரித்துக்கொண்டேன்.

விடியற்காலை ரயில் ஊரைத் தாண்டியதும்
ஜன்னலில் அவள் வயல் வந்தது.
மூன்று குதிரை, சுழலும் தட்டு,
மேலே ராக்ன்ஹில்ட், கடிவாளம் மணிக்கட்டில் சுற்றி.
கோதுமை கட்டில்லாமல் பொலபொலவென்று விழுந்தது.

பின்னால் ஹெட்விக், பாவாடையைத் தூக்கிச் செருகி.
விட்கோம். ஏப்ரன் கழற்றாத ப்ராட்.
குனிந்து, ஒரு பிடி வைக்கோலை முறுக்கி,
கதிரைச் சுற்றி, முழங்காலால் அழுத்தி,
நுனியை உள்ளே செருகி,
அடுத்ததற்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள்.
பையன் ஈவர் எல்லோருக்கும் முன்னால்,
யாரையும் ஏறிட்டுப் பாராமல்,
இரண்டு ஆள் வேலையைச் செய்துகொண்டிருந்தான்.

நாற்பது கட்டுவரை எண்ணினேன்.
ரயில் வளைந்துவிட்டது.

பேரேட்டைத் திறந்து எழுதினேன்:
கைப்பற்றியது, கொக்கி ஒன்று, நல்ல நிலையில்.
செலவு முப்பது சென்ட். ரசீது இணைப்பு.
பெட்டி குலுங்கியதில்
"நல்ல" என்ற சொல்மேல் மை சிந்தியது.
துடைக்கப் போய் இன்னும் பரவியது.