எழுபதில் நழுவியது

ஒவ்வொரு பனிக்காலமும் வீட்டு மேட்டில்
என் ஓப்பல் மாண்டா நின்றுபோகும்.
வலப் பின்சக்கரம் வெறிபிடித்துச் சுழலும்,
இடது கைகட்டி வேடிக்கை பார்க்கும்.
கலெர்வோ டிராக்டரோடு வருவார்,
கயிறு கட்டுவார், இழுப்பார்,
"உன்னைவிட ரெண்டு வயசு மூத்த வண்டி, வுவோக்கோ,
மரியாதையாய் நடத்து" என்பார்.
பிறகு என் சமையலறையில்
மூன்று கோப்பை காப்பி.

வழுக்கலுக்கு வரம்பு கட்டும் டிஃபரென்ஷியல்
அன்று கூடுதல் பணம் கொடுத்தவர்களுக்குத்தான்.
இதன் முதல் சொந்தக்காரர்,
சோத்காமோவில் பல் மருத்துவர்,
அந்தப் பணத்தை ரேடியோவுக்குக் கொடுத்திருந்தார்.
ரேடியோவும் இப்போது பாடுவதில்லை.

கேமியில் யார்க்கோவிடம் ஒன்று இருந்தது.
அறுநூறு யூரோ.
கொட்டகைத் தரையில் கிடந்த ஆக்ஸிலின்
ஒரு முனையைச் சுற்றி, "பார்" என்றான்.
மறுமுனையும் அதே திசையில் சுற்றியது.
சாதாரணச் சரக்கென்றால் எதிர்த்திசையில் போயிருக்கும்.
நம்பினேன். எண்ணிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து மூடியைக் கழற்றினால்
உள்ளே, பல்லும் பல்லும் சேரும் இடமெல்லாம்
வெல்டிங் வைத்த கட்டிகள்,
அடுப்பில் பொங்கிக் காய்ந்த கஞ்சி மாதிரி.
ஒன்றாய்த்தான் சுற்றும்.
பிரியவே முடியாதது வேறென்ன செய்யும்?
வளைவில் வெளிச்சக்கரம் சற்றே அதிக தூரம் போகவேண்டும்,
இது விடாது;
டயர் தேயும், இல்லையென்றால் ஏதாவது ஒடியும்.
யார்க்கோ போனை எடுக்கவில்லை.
கேரேஜ் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாதபடி
இப்போது அது முட்டுக்கொடுத்து நிற்கிறது.
அந்த வேலைக்கு அருமையான பொருள்.

மார்ச்சில் லியெக்சாவிலிருந்து தெல்லெர்வோ எழுதினாள்:
ராலி ஓடிய அஸ்கோனா,
கூரை நசுங்கியது, பின்பக்கம் சுகம்.
இம்முறை கையில் டார்க் ரெஞ்ச்.
அவள் ஒரு முனையை வைஸில் இறுக்கிப் பிடித்தாள்,
நான் மறுமுனையைத் திருப்பினேன்.
நாற்பது. அசையவில்லை.
அறுபது. என் தோளில் ஒரு நரம்பு.
எழுபதில்
முனகிக்கொண்டே
ஒரு விரல் அகலம் நழுவியது.
இருவரும் ஒன்றாய் மூச்சுவிட்டோம்.
"நானூறு," என்றாள்,
"கோடையில் ஒரு சுற்று நான் ஓட்டணும்."

ஈஸ்டர் விடுமுறை கேரேஜில் போனது.
தலைமுடிக் கனத்தில் ஷிம் தகடுகள்,
டயல் கேஜின் முள்,
பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே எவ்வளவு இடம்?
அதிகம் என்றால் சத்தம் போடும்,
குறைந்தால் கடித்துக் குதறும்.
கழற்று, தகடு மாற்று, பூட்டு.
மஞ்சள் பசை தடவிச் சுற்றினால்
ஒன்றையொன்று தொட்ட இடம் மட்டும் வெளுக்கும்.
ஐந்தாம் முறையும் ஓரத்தில்.
அழவில்லை,
சுவரில் மாட்டியிருந்த பனிமண்வெட்டியைக்
கெட்ட வார்த்தையில் திட்டினேன்.
ஆறாம் முறை, நள்ளிரவு தாண்டி,
நடுவில், பார்லி மணி வடிவத்தில்
ஒரு வெளுப்பு.

எண்ணெயில் கந்தக நாற்றம்.
மூன்று முறை குளித்தும் போகவில்லை.
செவ்வாய் ஷிப்டில், ரத்த அழுத்தம் பார்க்கக்
கை நீட்டிய நோயாளி கேட்டார்:
"சிஸ்டர், எங்கோ கேஸ் கசிகிறதா?"

ஏப்ரலில் கடைசிப் பனி.
மேட்டின் பாதியில்
வலச்சக்கரம் தடுமாறத் தொடங்கியது.
இடது, முதல்முறையாக,
கட்டிய கையை அவிழ்த்தது.
பின்புறம் ஒருதரம் ஆடி,
கூழாங்கல் தெறிக்க, மேலே.

மேலே கலெர்வோ.
தோளில் கயிறு, டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது.
குனிந்து அடியில் பார்த்தார்,
வெளியே எதுவும் மாறியிருக்கவில்லை.
கயிற்றை அவிழ்த்தார், மறுபடி சுருட்டினார்.
நான் முற்றத்தில் மெல்ல வண்டியைத் திருப்ப
அடியில் ஒரு முனகல்.
"அது அப்படித்தான்," என்றேன், "தட்டுகள் உரசும்."

"என் முழங்காலும்தான்," என்றார்.
பனியில் பூட்ஸைத் தட்டிக்கொண்டே,
"அப்போ காப்பி?"