எட்டுக் குறில்

தண்டர் பே. பெப்ரவரி. பூச்சியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
கர்லிங் மண்டபத்தின் பின்னறையில்
இருபத்திரண்டு பேர், நான், ஒரு கோப்பி இயந்திரம்.
நான் செயலாளர். பேனை உறைந்துவிட்டது.
கக்கத்தில் வைத்துச் சூடாக்கி எழுதுகிறேன்:
பொருள் ஒன்று. அமெச்சூர் வானொலி உரிமத்துக்கு
மோர்ஸ் பரீட்சை இனியும் வேண்டுமா?
ஒட்டாவாவுக்கு என்ன பதில் எழுதுவது?

வேண்டும் என்றவன் டரல்.
வயது இருபத்தாறு, மரம் ஏற்றும் லொறி,
போன மாதம்தான் பாஸானவன்.
"நான் நாக்குத் தள்ளப் படித்தேன்.
அடுத்தவன் சும்மா வரலாமோ?"

வேண்டாம் என்றவர் எய்னோ கல்லியோ.
சாவியில் கை பட்டால் நிமிடத்துக்கு முப்பத்தைந்து சொல்,
எங்களில் வேறு யாருக்கும் கிடையாது.
"பிடித்தது, படித்தேன்.
பிடித்ததைப் பரீட்சை ஆக்கினால்
அது பல்லுப் பிடுங்கிற கதிரை."

பிறகு யார் யாரைக் கத்தினார்கள் என்று
குறிப்பில் நான் எழுதவில்லை.
"கண்டவன் நின்றவனெல்லாம் அலைவரிசைக்குள் வந்துவிடுவான்"
என்றது பின்வரிசை.
அந்தக் கணக்கில் நானும் உண்டோ என்று
பேனை சற்று நின்றது. குளிரால் அல்ல.

மூன்று முறை தவறியவள் நான்.
நாலு குறில் 'எச்', ஐந்து குறில் ஐந்து என்ற எண்.
நடுவில் நின்ற ஒரு குறில்
என் மூன்று வருடத்தைத் தின்றது.
பள்ளியில் மாத்திரை எண்ணப் பழகிய காது:
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு.
இங்கே நெடிலுக்கு மூன்று.
ஒவ்வொரு கோட்டையும்
ஒரு மாத்திரை முன்னமே முடித்துக்கொண்டு
நான் அடுத்த எழுத்துக்குப் போயிருப்பேன்.
இது நெடில் இல்லையடி, அளபெடை என்று
எனக்கு நானே சொன்ன இரவில்
பிடிபட்டது.

நான் விட்டுவந்த ஊரில்
பற்றரி வைத்திருந்தால் விசாரணை.
ஒலிபரப்பி வைத்திருந்தால் விசாரணையும் இல்லை.
இங்கே கேட்டது நிமிடத்துக்கு ஐந்து சொல்.
அதற்கே எனக்குக் கோபம் வந்தது.
கோபம் வரலாம் என்பதற்குத்தானே வந்தேன்.

கை தூக்கச் சொன்னோம்.
வேண்டும் பதினொன்று. வேண்டாம் பதினொன்று.
எல்லாக் கழுத்தும் என் பக்கம் திரும்பியது.
டரல் சிரித்தான்,
பட்டவள் விட்டுக்கொடுக்கமாட்டாள் என்று.

வேண்டாம், பன்னிரண்டு.
என் கையெழுத்திலேயே இருக்கிறது.

வெளியே என் கார் கிளம்பவில்லை.
கேபிள் கொண்டுவந்தவன் டரல்தான்.
பேசவில்லை. கொளுவும்போது மட்டும்
"சிவப்பு முதல்" என்றான்.

நடுநிசி. நாற்பது மீற்றர் அலையில்
யாராவது உண்டா என்று தட்டினேன்.
வந்த அழைப்புக் குறி அவனுடையது.
மெல்ல, எழுத்துக்கு எழுத்து மூச்சு வாங்கி,
நீ செய்தது பிழை என்று சொல்ல வந்தவன்
பிழை என்ற சொல்லிலேயே பிழைவிட்டான்.

எட்டுக் குறில் அடித்தான்:
தவறிவிட்டது, திரும்ப அனுப்புகிறேன்.

சாவியிலிருந்து விரலை எடுத்துவிட்டு
அவன் திருத்தும்வரை
கேட்டுக்கொண்டிருந்தேன்.