இரண்டு காவலர், ஒரு கேள்வி

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்.
பாடம் ஏறாதென்று எனக்கும் தெரியும்,
ஏழு பி-க்கும் தெரியும்.
வேலந்தாவளம் செக்போஸ்ட்டில்
தேங்காய் லாரி ஒன்று
ஹாரனை விடாமல் அழுத்துகிறது.
ஜன்னலைச் சாத்திவிட்டுப்
பலகையில் ஒரு பாதை வரைந்தேன்.
பாதை இரண்டாய்ப் பிரிந்தது.

போன வாரம் ஆடுபுலி.
தரையெல்லாம் சாக்பீஸ், புளியங்கொட்டை.
முதலில் எல்லாருக்கும் புலிதான் வேண்டும்.
மூன்று புலியையும் பதினைந்து ஆடு
நகரவிடாமல் அடைத்தபின்
ஆட்டுக்கு அடிதடி.
இது சிலபஸில் எங்கே இருக்கிறது என்றார் எச்.எம்.
தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

இந்த வாரம் காவலர்.
பாதை பிரியும் இடத்தில் இரண்டு பேர்.
ஒருவர் உண்மை மட்டும் பேசுவார்,
மற்றவர் பொய் மட்டும்.
யார் எவரென்று முகத்தில் எழுதியிருக்காது.
ஊருக்குப் போகும் வழி எது?
ஒருவரிடம் மட்டும்
ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்.

"எந்த ஸ்டேட் போலீஸ், டீச்சர்?"
எந்த ஸ்டேட்டும் இல்லை, கனிஷ்.
"அப்ப தமிழ்ல கேக்கணுமா, மலையாளத்துலயா?"
"டயர் தடம் எந்தப் பக்கம் ஜாஸ்தியோ அதான் ஊரு."
இது ஜெஸ்வின்.
அரை மார்க் போடலாம் போலிருந்தது.

லாரிக்கார நாச்சிமுத்துவின் மகன் எழுந்தான்,
சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.
"எங்கப்பா ஒரே கேள்விதான் கேப்பாரு.
எவ்வளவுன்னு.
அதுக்கு ரெண்டு பேருமே
உண்மையைத்தான் சொல்லுவாங்க."

வகுப்பு சிரித்து அடங்க நாலு நிமிஷம்.
நானும் சிரித்தேன்,
பலகைப் பக்கம் திரும்பி.

பிரவிதா சிரிக்கவில்லை.
மூன்றாம் பெஞ்ச். கேட்டால் மட்டும் பேசுகிறவள்.
வாரமெல்லாம் ஒழலப்பதியில் அம்மாவோடு,
சனி ஞாயிறு பிச்சனூரில் அப்பாவோடு.
வெள்ளி சாயங்காலம்
ஒரு துணிப்பையோடு
எல்லை தாண்டுகிறவள்.

கை தூக்காமலே சொன்னாள்:
"ஒருத்தர்கிட்டப் போயி,
இன்னொருத்தர் எந்த வழி சொல்லுவாருன்னு கேக்கணும்.
சொன்னதுக்கு நேர் எதிர் வழில போகணும்."

என் நோட்டில் இதற்கு
அரைப் பக்கம் கட்டம் போட்டு வைத்திருந்தேன்.
நோட்டை மூடினேன்.
எப்படிக் கண்டுபிடிச்சே?

"கண்டுபிடிக்கல டீச்சர்.
அப்பா என்ன சொன்னாருன்னு அம்மா சொல்லும்.
அம்மா என்ன சொல்லிச்சுன்னு அப்பா சொல்லுவாரு.
ரெண்டையும் திருப்பிப் போட்டாத்தான் சரியா வரும்."

அப்போ, அவங்கள்ல பொய் சொல்றது...
கேட்டிருக்கக் கூடாது.
பாதியில் நிறுத்தியும் பயனில்லை,
அவள் மீதியைக் கேட்டுவிட்டாள்.

"தெரியாது டீச்சர்.
தெரிய வேண்டியதில்ல.
அதானே கணக்கு?"

ஆமாம். அதுதான் கணக்கு.
அந்தக் கணக்கின் அழகே அதுதானென்று
ட்ரெய்னிங்கில் கைதட்டியிருக்கிறேன்.

மணி அடித்தது. பெஞ்சுகள் முட்டிக்கொண்டன.
எல்லாரும் போனபின் மேசையருகே வந்து கேட்டாள்,
"ரெண்டாவது கேள்வி கேக்கவே முடியாதா, டீச்சர்?"
முடியாது என்றேன்.
விதி அப்படி.

பலகையைத் துடைத்தேன்.
ஒரு பாதை போனது, இன்னொன்று
ஈரத்துணிக்கும் போகவில்லை.

ஜன்னலைத் திறந்தேன்.
தேங்காய் லாரி இன்னும் நிற்கிறது.
இரண்டு காக்கிச் சட்டைகள்
டிரைவரிடம் ஏதேதோ கேட்டுக்கொண்டிருக்கின்றன.
துணிப்பையோடு கடந்து போகிறவளிடம்
யாரும் எதுவும் கேட்கவில்லை.