கசகசா

வேலந்தாவளம் சோதனைச் சாவடியிலிருந்து
ஐஸ் பெட்டி வந்து இறங்கும்போது சாயங்காலம் மணி ஏழு.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஷிஜு சொல்கிறான்:
'இருபத்தி மூணு. ரெண்டு பேருக்கு வாயே நனையல.
புளியங்காயைச் சொல்லிச் சொல்லித்தான் எடுத்தோம்.'

ராப்பகலாய் ஸ்டியரிங் பிடித்தவர்களின் எச்சில்
நூல் நூலாக இழுக்கும்.
பிப்பெட்டில் ஏறாது, ஏறினால் இறங்காது.
உறைய வைத்து உருக்குகிறேன்.
கோழை அறுந்து அடங்கியதும்
குழாய்களை எதிரெதிரே நிறுத்திச் சுழல விடுகிறேன்.
பத்து நிமிடம் மேசை அதிரும்.
அடியில் தங்குவது வெற்றிலைத் துணுக்கு, பரோட்டா மாவு,
கன்னத்துத் தோல்.
மேலே தெளிந்து நிற்கும் அரை மில்லிதான்
சாட்சி சொல்லப் போவது.
அதற்குப் பெயர் கிடையாது. கறுப்புக் கோடுகளும் நாலு எண்களும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாமியார்
என் டம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைத்தாள்,
'ஊரான் எச்சில்ல கை வைக்கிறவ.'
அந்தச் சம்பளத்தில்தான் அவளுக்குப் பல் கட்டினோம்.

ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சுத்தமான வாய் வேண்டும்,
ஒன்றுமில்லை என்றால் எப்படி இருக்கும் என்று காட்ட.
மூன்று வருஷமாக அது என் வாய்.
பஞ்சுக்குச்சியை நாக்குக்கு அடியில் வைத்து
இரண்டு நிமிடம் பேசாமல் நிற்பேன்.
வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள்.

இந்தச் சோதனையில் நிறம் வெளுத்தால்தான் குற்றம்.
இன்று 0417 வெளுத்தது.
பக்கத்தில்
நானும்.

திரும்பச் செய்தேன். திரும்பவும் அபின் வகை.
இருமல் மருந்து குடிக்கவில்லை. மாத்திரை இல்லை.
நாக்கைப் பல்லுக்குள் துழாவியபோது
ஏதோ ஒன்று நெறுக்கென்றது.
வரும் வழியில் மீனாட்சிபுரத்தில் நிச்சயதார்த்தம்.
கசகசா பாயசம். இரண்டு டம்ளர்.

0417-இன் படிவத்தில் பென்சிலால் ஒரு வரி:
'விசேஷ வீட்டில் சாப்பிட்டாராம்.'
'எல்லாரும் சொல்றதுதான்' என்கிறான் ஷிஜு.
ஆமாம்.
தை மாதத்தில் ஒருவன் சொன்னான்,
அன்னூர்க்காரன், தேங்காய் லோடு.
நான்கூடச் சிரித்தேன்.

தட்டை வெட்டியாக எழுதினேன்.
'ஹெல்மெட்டைக் கழட்டு, நீ துப்பு' என்றேன்.
குச்சியை வாயில் வைத்துக்கொண்டு விழிக்கிறான், ஊறவில்லை.
'புளியங்காய்' என்கிறேன். 'உப்பு, மிளகாய்ப்பொடி.'

ஆறு மாதம் எதையும் கொட்டக் கூடாது என்பது விதி.
அவன் வாய் ஊறுவதற்குள்
ஃப்ரீசரைத் திறந்து
தை மாதத்து அடுக்கில்
பனியைச் சுரண்டிச் சுரண்டி எண் பார்க்கிறேன்.